பத்துக் கணினிக்கு எதற்கு என்கிறார்கள்

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடுவதா வேண்டாமா என்று மலையகத்தில் இனிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்தச் சண்டையை மைக்ரோசொஃப்டே முடித்துவைத்துவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி போட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும்; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள்தான் ஹட்டன் பாதை வழியாக நம் பாடசாலைகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் ஆறாம் தலைமுறையைத் தாண்டிய ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே உபுண்டுவோ, மின்டோ, டெபியனோ ஏதோ ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதைக் கணினி தெரிந்தவர்கள் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட கையோடு ஒரு புத்திமதியும் சொல்கிறார்கள். “ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து கையால் போடுங்கள். தன்பாட்டில் எல்லாவற்றையும் அமைக்கிற ஸ்கிரிப்ட், அன்சிபிள் என்பதெல்லாம் ஆயிரம் கணினி வைத்திருக்கிற கம்பனிகளின் வேலை. உங்களிடம் இருப்பது பத்து. பத்துக் கணினிக்கு எதற்கு அதெல்லாம்?” ஆசிரியர் சொல்கிறார். டவுன் கடைத் தம்பி சொல்கிறார். கொழும்பில் மென்பொருள் கம்பனியில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கு ஊர் வரும் பழைய மாணவரும் சொல்கிறார். இந்த மூன்றாமவர் தன் அலுவலகத்தில் ஒரு சேர்வரைக்கூடக் கையால் அமைத்திருக்க மாட்டார் என்பது வேறு கதை.

இந்தப் புத்திமதி தலைகீழானது. ஆயிரம் கணினி உள்ள இடத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். கொட்டகலையைச் சுற்றியுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் பத்துக் கணினிக்கும் இருப்பது ஒரே ஒருவர். அவரும் உண்மையில் கணித ஆசிரியராகவோ விஞ்ஞான ஆசிரியராகவோ இருப்பார். “உங்களுக்குத்தானே கொஞ்சம் தெரியும்” என்று அதிபர் கணினி அறைச் சாவியைக் கையில் கொடுத்திருப்பார். அவருக்கு இடமாற்றம் வந்தால் அந்த அறையின் ஞாபகமும் அவரோடு பஸ் ஏறிவிடும். எந்தக் கணினியில் என்ன போட்டார், தமிழ் விசைப்பலகையை எங்கே போய்த் தெரிவு செய்தார், பிரிண்டர் ஏன் மூன்றாம் கணினியில் மட்டும் வேலை செய்கிறது, எல்லாம் அவர் தலைக்குள். பிறகு வருபவர் ஒரு கிழமை தடவிப் பார்ப்பார். அப்புறம் அறைக்குப் பூட்டு. மலையகத்தில் கணினி அறைகளை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த படங்களுக்குக் குறைவில்லை. அந்த அறைகளை இரண்டு வருடம் கழித்துப் படம் பிடித்தவர்தான் இல்லை. ஆள் நிலைக்காத இடத்தில் எழுதிவைத்ததுதான் நிலைக்கும் என்பதைத் தவிர இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் பத்து என்ற கணக்கையே பார்ப்போம். லினக்ஸை நிறுவுவது சின்ன வேலை. அதை ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு உதவுகிற கணினியாக ஆக்குவதுதான் பெரிய வேலை. எழுத்துருக்கள், தட்டச்சு முறைகள், பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்கள், பிரிண்டர், மாணவர் கணக்கு, ஆசிரியர் கணக்கு, எதை மாணவர் மாற்றலாம் எதை மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு என்று ஒரு கணினியை முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். பத்தையும் முடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இடி மின்னல் காலத்தில் ஒன்று போகும். வன்தட்டு தேய்ந்து இன்னொன்று போகும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பேனலையே அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் இருப்பான். யாரோ நல்ல மனிதர் இன்னும் இரண்டு கணினி அனுப்புவார். உபுண்டுவின் நீண்ட கால வெளியீடும் டெபியனின் புதிய வெளியீடும் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். பத்துக் கணினியை ஒரு தடவை அமைத்துவிட்டு எழும்புகிறவர் யாரும் இல்லை. வருடக்கணக்காக அதையே திரும்பத் திரும்ப அமைத்துக்கொண்டிருக்கிறோம். எண்ண வேண்டியது கணினிகளை அல்ல, தடவைகளை.

ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் இந்த நுட்பம் பிறக்கும் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. எஃப்.ஏ.ஐ. என்ற, டெபியனை ஆளில்லாமல் நிறுவும் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜேர்மனியின் கேல்ன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் லாங்க என்பவர் 1999 இல் அதைத் தொடங்கினார். அப்போது அவர் முன்னால் இருந்தவை ஒரு சேர்வரும் 16 கணினிகளும். பதினாறே பதினாறு! நம் பெரிய பாடசாலை ஒன்றின் கணினி அறை அளவு. அந்த 16 இற்காக எழுதிய கருவியைத்தான் பின்னர் மியூனிக் மாநகரசபை ஏறத்தாழ 15,000 அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது பயன்படுத்தியது. மியூனிக் 2017 இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததை உடனே எடுத்து வீசுவார்கள், தெரியும். திரும்பியது மாநகரசபை எடுத்த அரசியல் முடிவு. கணினியைத் தானாக அமைத்தது தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. விண்டோஸுக்குத் திரும்பினாலும் அத்தனை கணினிகளை யாரும் கையால் அமைக்கப் போவதில்லை.

கணினியைத் தானாக அமைக்கும் கோப்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? பெயரைக் கேட்டு மிரள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் திறந்து காட்டுகிறேன். டெபியன் நிறுவும்போது வரிசையாகக் கேள்வி கேட்கும். என்ன மொழி, எந்த நாடு, எந்த விசைப்பலகை, வன்தட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன. இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒரு சாதாரண உரைக் கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். டெபியனில் அதன் பெயர் ப்ரீசீட்; உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டோல். பென் டிரைவில் நிறுவியோடு அந்தக் கோப்பையும் வைத்துவிட்டால் கணினி கேள்வி கேட்காது. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் முடிந்திருக்கும்.

அதன் பிறகு ஓடுவது இரண்டாவது கோப்பு. இதுதான் விஷயம். முதல் சில வரிகள் வெறும் பெயர்ப் பட்டியல்: லிப்ரெ ஒபிஸ், பைத்தன், ஃப்ரீ பாஸ்கல், கிம்ப், சின்னப் பிள்ளைகளுக்கு ஜீகொம்ப்ரி. அடுத்து வருவது தமிழ். இங்கேதான் கையால் அமைக்கிறவர்கள் சறுக்குவார்கள். இலங்கையில் தமிழுக்கான நியமம் ரெங்கநாதன் விசைப்பலகை; எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரநிலை அது. ஆனால் லினக்ஸில் விசைப்பலகைப் பட்டியலுக்குப் போய் இலங்கைத் தமிழ் என்று தேடினால் முன்னுக்கு வந்து நிற்பது தமிழ்நெட் 99. தட்டச்சு வகுப்பில் படித்துவிட்டு வந்த காரியாலய அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நம்ம கீபோர்ட் இல்லையே தம்பி” என்று எழும்பிவிடுவார். மாணவர்களோ கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைத்துப் பழகியவர்கள். ஆகவே ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக ரெங்கநாதன், தமிழ்நெட் 99, ஒலிப்பு முறை மூன்றும் எல்லாக் கணினியிலும், எல்லாக் கணக்கிலும், ஒரே குறுக்குவிசையில் இருக்க வேண்டும். கையால் செய்தால் ஆறு கணினியில் மூன்றும் இருக்கும், மூன்றில் இரண்டு இருக்கும், ஒன்றில் எதுவுமே வேலை செய்யாது. கோப்பில் இது மூன்று நான்கு வரி.

பிறகு பாமினி. யுனிகோட் வந்து இத்தனை வருடமாகியும் நம் பாடசாலைகளின் பழைய வினாத்தாள்கள், கடிதங்கள், பெற்றோர் கூட்ட அறிவித்தல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவிலேயே கிடக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். அதைப் பார்த்த அதிபர், “லினக்ஸில் தமிழ் வராது” என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிடுவார். அந்தத் தீர்ப்பை மாற்ற எந்த மேல்நீதிமன்றமும் கிடையாது! இப்படி எத்தனையோ முயற்சிகள் ஓர் எழுத்துருக் கோப்பு இல்லாமல் செத்துப்போயிருக்கின்றன. எழுத்துருவை உரிய கோப்புறையில் போடுகிற ஒரு வரி ஸ்கிரிப்டில் இருந்திருந்தால் போதும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். வலயக் கல்வி அலுவலகம் வேர்ட் கோப்புத்தான் கேட்கும் என்பதால் லிப்ரெ ஒபிஸ் அந்த வடிவத்திலேயே சேமிக்க வேண்டும்; தாள் அளவு ஏ4; மாணவர் கணக்கு ஒவ்வொரு தடவை உள்நுழையும்போதும் ஸ்கெல் என்ற மாதிரிக் கோப்புறையிலிருந்து புதிதாகப் பிறக்க வேண்டும், அப்போது பேனலை அழித்த பையனின் கைவரிசை மறுநாள் காலை இருக்காது. முழுவதையும் அச்செடுத்தால் இரண்டு பக்கம் வரும். இதற்கு அன்சிபிள்கூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு சேர்வரிலிருந்து எல்லாக் கணினிக்கும் கட்டளை அனுப்ப அது அழகான கருவிதான். ஆனால் அடுத்து வரும் ஆசிரியருக்கு இன்னொரு கருவியைப் படிக்கக் கொடுப்பதைவிட, மேலிருந்து கீழே வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கொடுப்பது மேல். அன்சிபிளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே முடிவு வருகிற மாதிரி எழுதுவது. ஏற்கெனவே இருப்பதை மறுபடி போடாமல், இல்லாததை மட்டும் போட வேண்டும். மின்சாரம் பாதியில் போனால் வந்தபின் திரும்ப ஓட்டினால் சரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாடு இது. பாதியில் நின்ற கை வேலையை எங்கிருந்து தொடர்வது என்று யாருக்குத் தெரியும்?

இனி, தானியங்கி வேண்டாம் என்பவர்களிடம் ஒரு கேள்வி. நம்மூர் டவுன்களில் கடையில் கணினியைக் கொடுத்தால் விண்டோஸை எப்படிப் போட்டுத் தருகிறார்கள்? ஒபிஸ், போட்டோஷொப், தமிழ் எழுத்துருக்கள், வீடியோ பிளேயர் எல்லாம் முன்கூட்டியே சேர்த்து, கிராக் செய்து ஆக்டிவேட் பண்ணிய ஒரு படிமத்தைப் பென் டிரைவிலிருந்து அப்படியே இறக்குகிறார்கள். போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால் கணினி தயார். இது தானியங்கி இல்லையா? இருபது வருடமாக நாம் தானியங்கியில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அதை யார் செய்தார், உள்ளே என்ன வைத்தார், எந்த வைரஸ் தடுப்பை நிறுத்தினார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மென்பொருள் பதிப்புரிமை பெற்றது என்பதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. முகம் தெரியாதவன் செய்த, திறந்து பார்க்க முடியாத தானியங்கிக்குத் தலையாட்டியவர்கள், நாமே எழுதி நாமே வாசிக்கக்கூடிய இரண்டு பக்கக் கோப்பு என்றதும் “கையால் செய்வதே நல்லது” என்கிறார்கள். லினக்ஸ் வந்ததும் திடீரென்று உடல் உழைப்பின் மேல் பக்தி வந்துவிட்டது.

அவர்களிடம் உள்ள வலுவான வாதம் ஒன்றுதான்: கையால் செய்தால்தான் படிப்பு வரும். இதைத் தள்ளிவிட முடியாது. முதல் கணினியைக் கையால்தான் அமைக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது மாறும் என்பது விரல் வழியாகத்தான் ஏறும். அதைச் செய்யாமல் இணையத்தில் யாரோ போட்ட ஸ்கிரிப்டை எடுத்து ரூட் அதிகாரத்தோடு ஓட்டுகிறவர், கிராக் பென் டிரைவ்காரரைவிட எந்த வகையிலும் மேலானவர் இல்லை. ஆனால் இரண்டாவது கணினியில் என்ன படிப்பு? ஏழாவதில்? ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தினால் சுட்டுவிரல்தான் படிக்கும். முதல் கணினியில் செய்ததை எழுத்தில் கொண்டுவருவதற்குத்தான் உண்மையான விளக்கம் வேண்டும். ஒரு அமைப்பைச் சுட்டியால் மாற்றுவதற்கு அது எந்தக் கோப்பில் பதிவாகிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஸ்கிரிப்டில் எழுதத் தெரிந்தே ஆக வேண்டும். அனுமதிகள், பயனர் குழுக்கள், பொதிகள் எங்கிருந்து வருகின்றன என்பது, சேவைகள் எப்போது தொடங்குகின்றன என்பது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

படிப்பு யாருக்கு என்றும் கேட்க வேண்டும். கையால் அமைக்கும்போது படிக்கிறவர் அமைக்கிறவர் மட்டும்தான். பிள்ளைகள் வராந்தாவில் நிற்பார்கள். கோப்பு இருந்தால் அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் பாடமாக நடத்தலாம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைத்தன் படிக்கிற பிள்ளை, மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் செய்நிரலை எத்தனை தடவைதான் எழுதும்? ‘பாமினி ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையென்றால் போடு’ என்ற வரியில் அதே நிபந்தனைக் கூற்று இருக்கிறது. ‘பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு உருவாக்கு’ என்ற வரியில் அதே மடக்கு இருக்கிறது. இரண்டும் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் கணினியிலேயே வேலை செய்து காட்டுகின்றன.

“எல்லாம் சரி, நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவருமா?” என்று இழுப்பவர்கள் கேரளத்தின் மூணாற்றைப் பார்க்கட்டும். அதுவும் தேயிலை மலை. அங்கேயும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள்தான் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். கேரள அரசு 2001 இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சில வருடங்களுக்குள் பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017 இல் அந்தத் திட்டம் கைட் என்ற நிறுவனமானது. இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளில் கைட் லினக்ஸ் ஓடுகிறது. 22.04 பதிப்பை வெளியிட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3000 கோடி இந்திய ரூபாய் மிச்சம் என்று கேரளம் கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கேரளம் ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒரு வெறும் உபுண்டு வட்டைக் கொடுத்து, “கையால் அமைத்துப் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லவில்லை. பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள், இந்திய மொழிகளுக்கான தட்டச்சு, எழுத்துருக்கள் எல்லாம் ஓரிடத்தில் ஒரு தடவை அமைக்கப்பட்டன. அது எல்லாப் பாடசாலைக்கும் போனது. மூணாற்றுப் பிள்ளைக்குக் கிடைப்பதும் திருவனந்தபுரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பதும் ஒரே மேசைத்தளம். அமைப்பதைத் தானாக்காமல் லினக்ஸ் அங்கே இத்தனை வருடம் நின்றிருக்காது.

இலங்கையில் இந்த யோசனை வராமல் இல்லை. டனிஷ்க நவின் தொடங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, சிங்களமும் தமிழும் சேர்த்து, இணையம் இல்லாத வீட்டிலும் பாடசாலையிலும் போடக்கூடிய மாதிரி மென்பொருள்களை உள்ளேயே அடைத்து வந்தது. கண்டிக்குப் பக்கத்து மலையின் பெயர் அதற்கு. நம் மலைப் பாடசாலைகளில் அதைக் கேள்விப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முழு இயங்குதளம் ஒன்றை வருடா வருடம் வெளியிட்டுப் பராமரிப்பது தன்னார்வலர்கள் சிலரின் தோளுக்குப் பெரிய சுமை. கேரளத்தில் பின்னால் அரசாங்கம் நின்றது. இங்கே அப்படி யாரும் நிற்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நமக்கு முழு இயங்குதளம் வேண்டாம். டெபியனை டெபியன்காரர்கள் பராமரிக்கட்டும். அதன்மேல் நம் பாடசாலைக்கு என்ன வேண்டும் என்ற இரண்டு பக்கத்தை மட்டும் நாம் பராமரித்தால் போதும்.

“ஸ்கிரிப்டில் ஒரு பிழை இருந்தால் பத்துக் கணினியும் ஒன்றாகப் போய்விடுமே” என்று ஒரு பயம் உண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. ஒன்று தளதளவென்று கொழுந்து விடும், பக்கத்துச் செடி மலடாய் நிற்கும், காரணம் தெரியாது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற, தாய்ச்செடியின் துண்டிலிருந்து வளர்க்கிற வீ.பி. தேயிலையில் மலை முழுக்க ஒரே குணம். நோய் வந்தாலும் எல்லாச் செடிக்கும் வரும் என்பது உண்மை. ஆனால் தேயிலையில் அந்தக் குறையைத் தீர்க்க மலையையே பிடுங்கி நட வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் திருத்தித் திரும்ப ஓட்டினால் பத்தும் குணமாகிவிடும். ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் ஓட்டுங்கள் என்ற சின்ன ஒழுக்கம் போதும். கையால் அமைத்த பத்துக் கணினியில் பத்து விதமான பிழைகள் இருக்கும்; பத்துக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும்.

இணையம் மெதுவாக இருக்கிறது, டேட்டா போய்விடும் என்ற கவலைக்கும் பதில் தானியங்கியிலேயே இருக்கிறது. பத்துக் கணினியைத் தனித்தனியாக இணையத்தோடு இணைத்தால் ஒரே லிப்ரெ ஒபிஸைப் பத்துத் தடவை இறக்குவோம், பத்துத் தடவை காசு கொடுப்போம். ஆப்ட்-கேஷர் என்ற சிறு மென்பொருளை ஒரு கணினியில் வைத்தால், முதல் தடவை இறக்கியதை அது சேமித்துவைத்து மற்ற ஒன்பதுக்கும் உள்ளேயே பரிமாறும். அந்த ஒன்பதையும் அதை நோக்கித் திருப்பிவிட ஸ்கிரிப்டில் ஒரு வரி. ஒருநாள் இரவு ஆசிரியரின் கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் இறக்கினால் மறுநாள் அறை முழுவதும் தயார். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ஐத் தாண்டியபோது, உரிமத்துக்கும் டேட்டாவுக்கும் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டவர்கள் நாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் பெயர்த்துப் போட்டதையும் மறக்க முடியாது. மண்சரிவில் பாதை, ரயில், மின்சாரம், தொலைபேசி எல்லாம் அறுந்தன. அந்த அளவு துயரத்துக்கு முன்னால் கணினி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாடசாலைகள் திரும்பத் திறக்கும்போது, சேறு புகுந்த அறைக்கு வேறு கணினிகள் வரும்போது, பழைய அறையை அப்படியே மறுபடி எழுப்ப என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். கணினியைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். இரண்டு பக்கக் கோப்பின் பிரதி அதிபரின் பென் டிரைவிலும், ஆசிரியரின் மின்னஞ்சலிலும், பழைய மாணவர் ஒருவரின் கணினியிலும் இருந்தால் அது எந்த மண்சரிவிலும் போகாது. கடவுச்சொற்களை மட்டும் அதற்குள் எழுதாதீர்கள். அவற்றை வேறாக வையுங்கள்.

யார் இதை எழுதுவது என்று கேட்டால், கொட்டகலைக்காரர்கள் தூரம் போகத் தேவையில்லை. நம் பத்தனையிலேயே ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. எஃப்.ஏ.ஐ. பிறந்த அதே ஜேர்மனியின் உதவியோடு எழுந்த கல்லூரி. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள் வருடா வருடம் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். அவர்களில் கணினி கையாளத் தெரிந்த ஓர் அணி, ஒரே ஒரு பயிற்சிக் காலத்தில், தோட்டப் பாடசாலைக்கான ஒரு பொதுக் கோப்பை எழுதிச் சோதித்துவிட முடியும். அடுத்த அணி அதைத் திருத்தும். கல்லூரியைவிட்டுப் போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்கும். வலயங்கள் ஒத்துழைத்தால் நல்லது. ஒத்துழைக்காவிட்டாலும் கோப்பு வேலை செய்யும்.

கொழும்பிலும் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி அனுப்புங்கள், நன்றி. ஆனால் கணினியோடு ஒரு நாளைக்கு வந்து கையால் அமைத்துக் கொடுத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் அலுவலகத்தில் தினமும் எழுதுகிற அதே மாதிரிக் கோப்பை எங்களுக்கும் எழுதித் தாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் ஒரு விளக்கக் குறிப்போடு. பாடசாலைகள் அன்பளிப்பு ஏற்கும்போது அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை ஒரு பாடசாலைக் கணினிக்கு லினக்ஸ் போடப் போகிறீர்களா? முதல் கணினியை ஆற அமரக் கையால் அமையுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, செய்கிற ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதுங்கள். அதை ஸ்கிரிப்டாக மாற்றிய பிறகுதான் இரண்டாவது கணினியின் பொத்தானை அழுத்துங்கள்.